மூன்றாவது முட்டு

என் எழுத்து மேஜைக்கு நான்கு கால்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு சமயத்தில் மூன்றுதான் வேலை பார்க்கின்றன. நான் வலது பக்கமாகச் சாய்ந்து எழுதினால் ஒரு கால் தரையில் ஊன்றிக்கொள்கிறது. உடனே அதற்கு எதிர்மூலையிலுள்ள கால் லீவு எடுத்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கிறது. இடது பக்கம் சாய்ந்தால் லீவில் போனவர் திரும்பி வருகிறார், மற்றவர் புறப்பட்டுவிடுகிறார். இந்த உத்தியோக மாற்றம் ஒவ்வொரு தடவையும் 'டக்' என்ற சத்தத்துடன் நடப்பதால், கதாநாயகி கண்ணீர் விடும் கட்டங்களை எழுதுவது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

கடைசியில் என்னுடைய பழைய நாவல் ஒன்றின் அட்டையைக் கிழித்து, நாலாக மடித்து, அந்தக் காலுக்கு அடியில் வைத்தேன். ஆட்டம் நின்றது. அந்த நாவலைப் பற்றி விமரிசகர்கள் என்ன சொல்லியிருந்தாலும் சரி, ஒரு மேஜையையாவது அது நிலைநிறுத்தியிருக்கிறது என்று இனிமேல் நான் தைரியமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அட்டையைச் செருகிவிட்டு நிமிர்ந்தபோது என் பாட்டியின் வலது பாதம் ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் பாதத்தின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு உண்டு. அதற்குக் காரணம் நான்தான். அந்தக் கதையைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால் இன்னொரு கதை சொல்லவேண்டும். அது ஒரு சலவைக்கல் தூணின் கதை. அதைச் சொன்னவர் கலிலியோ.

சரித்திரம் என்றால் ஓடுகிறவர்கள், துரத்துகிறவர்கள், விழுகிறவர்கள் ஆகியோரின் கதை என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அசையாமல் நிற்பதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதை ஆராய்கிற சாஸ்திரத்துக்கு நிலையியல் என்று பெயர். அலமாரியின் மேல் ஊறுகாய் ஜாடி இருக்கிறது. 'அது பாட்டுக்குச் சும்மா இருக்கிறது' என்கிறோம். உண்மையில் அங்கே ஓயாத மல்யுத்தம் நடந்துகொண்டிருக்கிறது. பூமி ஜாடியைக் கீழே இழுக்கிறது. பலகை ஜாடியை மேலே தள்ளுகிறது. பலகை ஒரு கணம் அசந்தால் ஊறுகாய் தரையில் கிடக்கும்.

இந்தப் பலகையின் புத்திசாலித்தனத்தை யோசித்துப் பாருங்கள். ஜாடி ஐந்து கிலோ என்றால் அது ஐந்து கிலோவுக்குச் சமமாக மேலே தள்ளுகிறது. பாதி ஊறுகாய் செலவாகி ஜாடி மூன்று கிலோ ஆகிவிட்டதென்றால் மூன்றுக்குச் சமமாகத் தள்ளுகிறது. யாரும் அதனிடம் போய் எடையைச் சொல்வதில்லை. குறைத்துத் தள்ளினால் ஜாடி கீழே இறங்கும். கூட்டித் தள்ளினால் கூரையை நோக்கிப் புறப்பட்டுவிடும். இரண்டும் நடப்பதில்லை. கொடுத்ததைத்தான் அது திருப்பிக் கொடுக்கிறது. இதைத்தான் எதிர்விசை என்கிறார்கள். விரலால் ஒரு கல்லை அழுத்தினால் அந்தக் கல்லும் விரலை அழுத்துகிறது என்று நியூட்டன் 1687-ல் விதியாக எழுதிவைத்தார். ஆனால் அவருக்கு வெகு காலம் முன்பே சுமை தூக்குகிறவர்களின் தோள்களுக்கு இது தெரிந்திருந்தது.

இரண்டு பேர் ஆறடிக் கழி ஒன்றில் அறுபது கிலோ மூட்டையைக் கட்டித் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டை நடுவில் இருந்தால் ஆளுக்கு முப்பது. முன்னால் போகிறவரிடமிருந்து இரண்டடி தூரத்துக்கு மூட்டை நகர்ந்துவிட்டால் அவருக்கு நாற்பது, பின்னால் வருகிறவருக்கு இருபது. சுமை யாருக்குக் கிட்டத்தில் இருக்கிறதோ அவருக்குப் பாரம் அதிகம். சிராக்யூஸ் நகரத்து ஆர்க்கிமிடீஸ், கிறிஸ்து பிறப்பதற்கு இருநூறு வருஷங்களுக்கு மேல் முன்பே, நெம்புகோலைப் பற்றி எழுதியபோது இந்தக் கணக்கை நிரூபித்துக் காட்டினார். தாங்கும் தூண்களைப் பற்றியே அவர் தனியாக ஒரு புத்தகம் எழுதியதாக அலெக்ஸாந்திரியாவின் ஹீரோன் சொல்கிறார். அந்தப் புத்தகம் காலவெள்ளத்தில் போய்விட்டது. ஹீரோனின் நூலும் கிரேக்க மொழியில் முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் குஸ்தா இப்னு லூகா என்பவர் அரபு மொழியில் பெயர்த்து வைத்ததால் பிழைத்தது. ஒரு மொழி கைவிட்டதை இன்னொரு மொழி தாங்கிக்கொண்டது.

இரண்டு பேர் தூக்கும்வரையில் கணக்கு சுலபம். மூன்றாவது ஆள் வந்து நடுவில் தோள் கொடுத்தால்? ஆளுக்கு இருபது கிலோ என்று பங்கு போட்டுவிடலாம் என்று தோன்றுகிறதல்லவா? அப்படிப் பங்கு போட முடியாது. மூன்றாவது ஆள் கொஞ்சம் உயரமானவராக இருந்தால் மூட்டையின் பெரும்பகுதி அவர் தலையில் விழும். குள்ளமானவராக இருந்தால் கழியின் மேல் கையை மட்டும் வைத்துக்கொண்டு, 'அப்பாடா, என்ன கனம்!' என்று சொல்லிக்கொண்டு கூடவே நடந்து வருவார். சுவாமி புறப்பாட்டின்போது பல்லக்குத் தூக்குகிறவர்களை உயரம் பார்த்து நிறுத்துகிறார்களே, அது இதற்காகத்தான். இரண்டு பேர் என்றால் எடையையும் தூரத்தையும் வைத்தே பங்கைச் சொல்லிவிடலாம். மூன்று பேர் என்றால் எடை தெரிந்தால் போதாது. தோள் எந்த உயரத்தில் இருக்கிறது, பாதை எங்கே பள்ளம், கழி எவ்வளவு வளைகிறது என்பதெல்லாம் தெரியவேண்டும்.

இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாமல் நான் செய்த காரியம்தான் பாட்டியின் பாதத்துத் தழும்பு.

எங்கள் கிராமத்து வீட்டுக் கொல்லையில் மூன்று கருங்கற்களை வைத்து வெந்நீர் அடுப்பு போட்டிருந்தார்கள். அதன் மேல் ஒரு பெரிய பித்தளைத் தவலை. எனக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டிலிருந்த நாற்காலிக்கு நான்கு கால், கட்டிலுக்கு நான்கு கால், பசுவுக்கும் நான்கு கால். இவ்வளவு பெரிய தவலைக்கு மட்டும் மூன்றே கல்லா என்று எனக்குக் கவலை வந்துவிட்டது. ஒருநாள் விடியற்காலையில், அடுப்பு மூட்டுவதற்கு முன்பு, உடைந்த செங்கல் ஒன்றைப் பின்பக்கத்துக் கல்லுக்கு அருகில் தவலைக்கு அடியில் திணித்து, கட்டையால் தட்டி நன்றாக இறுக்கினேன். பாட்டிக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்ட திருப்தியுடன் பல் தேய்க்கப் போனேன்.

நான் இறுக்கிய இறுக்கலில் தவலை ஒரு மயிரிழை உயர்ந்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்துப் பாரம் முழுவதும் செங்கலின் மேல் ஏறிற்று. பின்பக்கத்துக் கருங்கல்லுக்கு வேலை போய்விட்டது. பாரம் இல்லாத கல்லை நகர்த்துவதற்கு அதிகப் பலம் வேண்டியதில்லை. பாட்டி விறகை உள்ளே தள்ளியபோது அது மெள்ளப் பின்னால் நழுவியிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை, கவனிக்கும்படி எதுவும் நடக்கவுமில்லை. தவலை ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் கொதிக்கிற சமயத்தில் செங்கல் சூட்டில் வெடித்து நொறுங்கியது. தவலை பின்பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கம் நின்று பாட்டி செம்பால் வெந்நீர் மொண்டுகொண்டிருந்தாள்.

தாத்தா ஓடிவந்து, "எப்படி ஆச்சு?" என்று கேட்டார். பாட்டி சாம்பலில் கிடந்த செங்கல் துண்டைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "கல்லு நழுவிட்டுது" என்றாள். அது பொய்யில்லை.

இப்போது கலிலியோவின் தூணுக்கு வரலாம்.

1633-ஆம் வருஷம் ஜூன் மாதம் 22-ஆம் தேதி, ரோமாபுரியில், அறுபத்தொன்பது வயதான கலிலியோ, பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கொள்கையைத் தாம் கைவிடுவதாக மண்டியிட்டுச் சொன்னார். அந்த வருஷம் டிசம்பரிலிருந்து பிளாரன்ஸ் நகரத்துக்கு வெளியே ஆர்செட்ரி என்ற இடத்தில் தம் வீட்டிலேயே கைதியாக இருந்தார். தண்டனையில் ஒரு சிறு அம்சமும் உண்டு. மூன்று வருஷ காலத்துக்கு வாரம் ஒரு தடவை ஏழு பிராயச்சித்த சங்கீதங்களை அவர் ஓதவேண்டும். அவருடைய மூத்த மகள் மரியா செலஸ்தே சமீபத்திலிருந்த கன்னிமாடத்தில் துறவி. தகப்பனாரின் இந்தப் பாரத்தையாவது தான் இறக்கி வைக்கலாமென்று, அந்தச் சங்கீதங்களை அவருக்குப் பதிலாகத் தானே ஓதுவதாக எழுதி, அப்படியே செய்தாள். அவர் வீடு திரும்பி நாலு மாதம்கூட நிறையவில்லை. 1634-ஆம் வருஷம் ஏப்ரல் 2-ஆம் தேதி அவள் இறந்துபோனாள். அவளுக்கு வயது 33.

கிழவர் துக்கத்தில் இடிந்துபோனார். பிறகு எழுந்து உட்கார்ந்து எழுதினார். வானத்தைப் பற்றி எழுதக்கூடாது. ஆகவே பூமியில் உள்ள சாமான்களைப் பற்றி எழுதினார். கப்பல் எப்படி உடைகிறது, உத்திரம் எப்படி முறிகிறது, கல் எப்படி விழுகிறது? இப்படி இரண்டு புதிய விஞ்ஞானங்களைப் பற்றிய சம்பாஷணையாக அந்தப் புத்தகம் அமைந்தது. வெனிஸ் நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தைப் பற்றிய பேச்சோடு அது ஆரம்பமாகிறது. பேசுகிறவர்கள் மூன்று பேர். சால்வியாட்டி, ஸக்ரேதோ என்ற இருவரும் அவருடைய பழைய சிநேகிதர்கள். அவர்களில் ஒருவர் 1614-லும் மற்றவர் 1620-லும் காலமாகிவிட்டார்கள். இறந்துபோன நண்பர்களை உயிரோடு உட்காரவைத்து, நாலு நாள் பேசவைத்திருக்கிறார். நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் இந்த ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது. மூன்றாமவர் ஸிம்ப்ளிச்சியோ, பழைய சாஸ்திரங்களை அப்படியே நம்புகிறவர்.

முதல் நாள் பேச்சில் சால்வியாட்டி தூணின் கதையைச் சொல்கிறார். சலவைக்கல்லில் செதுக்கிய பெரிய தூண் ஒன்று. அதைப் படுக்கவைத்து, இரண்டு முனைகளுக்கும் அடியில் ஆளுக்கொரு மரக்கட்டையாக முட்டுக் கொடுத்திருந்தார்கள். அங்கிருந்த வேலைக்காரர் ஒருவருக்கு யோசனை தோன்றிற்று. இவ்வளவு நீளத் தூண், தன் கனத்தாலேயே நடுவில் முறிந்துவிட்டால்? நடுவிலும் ஒரு முட்டுக் கொடுத்துவிட்டால் கவலையில்லையே! பார்த்தவர்கள் எல்லாரும் 'நல்ல யோசனை' என்றார்கள். முட்டுக் கொடுத்தாயிற்று. சில மாதங்கள் போயின. ஒருநாள் பார்த்தால் தூண் முறிந்து கிடந்தது. எங்கே முறிந்தது? அந்தப் புதிய நடு முட்டுக்கு நேர் மேலே!

ஸிம்ப்ளிச்சியோ ஆச்சரியப்படுகிறார். நாமும் ஆச்சரியப்படுகிறோம். சால்வியாட்டி காரணம் சொல்கிறார். முனைக்கட்டைகளில் ஒன்று நாளடைவில் உளுத்துக் கீழே இறங்கிவிட்டது. நடுக்கட்டையோ கெட்டியாக இருந்தது. ஆகவே தூணின் ஒரு பாதி பிடிப்பில்லாமல் ஆகாயத்தில் நின்றது. பழைய இரண்டு முட்டுகள் மட்டும் இருந்திருந்தால் இந்தச் சங்கடமே இல்லை. ஒரு பக்கத்துக் கட்டை இறங்கினால் தூணும் அதனோடு கூடவே இறங்கியிருக்கும்.

கலிலியோவுக்குப் பின்னால் வந்த கணக்கை வைத்துக்கொண்டு இதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். தூணின் எடை 16 டன் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முட்டுகள் இருந்தபோது ஒவ்வொன்றும் 8 டன் தாங்கிற்று. மூன்றாவதை அதே மட்டத்தில் நடுவில் வைத்ததும், முனைகளுக்கு மும்மூன்று டன்தான் மிஞ்சுகிறது. நடுவில் இருப்பவர் 10 டன்னை வாங்கிக்கொண்டுவிடுகிறார். கடைசியாக வந்தவர் தலையில் பாதிக்கு மேல் பாரம்! ஒரு முனை உளுத்து முழுவதும் கைவிட்டுவிட்டால்? நடுக்கட்டை பதினாறு டன்னையும் தாங்குகிறது. அந்தப் பக்கம் கெட்டியாக இருக்கிற மற்ற முனைக்கட்டைக்குக்கூடப் பாரம் இல்லை. சும்மா தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஒருவர் கைவிட்டால் அவருடைய பங்கை மற்ற இருவரும் பகிர்ந்துகொள்வார்கள் என்று நினைத்தோம். கணக்கு அப்படிப் போகவில்லை.

தூணை வளைக்கப் பார்க்கும் சிரமத்தையும் கவனிக்கவேண்டும். இரண்டு முட்டுகளோடு இருந்தபோது நடுவில் அது 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று முட்டுகளும் ஒழுங்காக ஒரே மட்டத்தில் இருக்கிறவரையில் அதிகபட்சச் சிரமம் 25 தான். ஆக, அந்த வேலைக்காரர் முட்டாள் அல்ல. அவர் வைத்த கட்டை முதல் நாளில் தூணுக்கு இருந்த ஆபத்தை நாலில் ஒரு பங்காகக் குறைத்தது. ஆனால் ஒரு முனை இறங்க இறங்க அந்த 25 மெள்ள மெள்ள ஏறி மறுபடியும் 100 ஆகிவிட்டது. அதுவும் தலைகீழான 100. முன்பு இழுபட்டது கல்லின் வயிறு. இப்போது இழுபட்டது முதுகு. நசுக்கினால் பிரமாதமாகத் தாங்குகிற கல், இழுத்தால் சீக்கிரம் விட்டுக்கொடுத்துவிடும். வயிறு தாங்கியதை முதுகும் தாங்கும் என்று யாரால் உத்தரவாதம் கொடுக்க முடியும்?

முக்கியமான விஷயம் இதுதான். அந்தச் சில மாதங்களில் யாரும் தூணைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். நடுவில்தான் முட்டுக் கொடுத்தாயிற்றே!

இந்தப் புத்தகத்தை இத்தாலியில் அச்சடிப்பது முடியாத காரியமாக இருந்தது. ஹாலந்து தேசத்து எல்செவியர் என்ற அச்சகக் குடும்பத்தைச் சேர்ந்த லூயி எல்செவியர் 1636-ல் ஆர்செட்ரிக்கு வந்து கலிலியோவைப் பார்த்தார். 1638-ல் லெய்டன் நகரத்தில் புத்தகம் வெளியாயிற்று. தமக்குத் தெரியாமலே அச்சாகிவிட்டதுபோல் ஒரு பாவனையை முன்னுரையில் செய்திருக்கிறார் கிழவர். அச்சான புத்தகத்தை அவரால் பார்க்கமுடியவில்லை. அந்த வருஷம் பிறக்கும்போதே அவருடைய இரண்டு கண்களும் முழுவதும் அவிந்துவிட்டிருந்தன.

கலிலியோ தூண் ஏன் முறிந்தது என்று சொன்னார். மூன்று முட்டுகளில் எது எவ்வளவு தாங்குகிறது என்ற கணக்கை அவர் சொல்லவில்லை. அதற்கு வழி காட்ட இன்னொரு கிழவர் வரவேண்டியிருந்தது. அவரும் கண் தெரியாதவர் என்பதுதான் அதிசயம். ருஷ்யாவில் ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருந்த ஆய்லர், ஏறக்குறைய முழுவதும் பார்வை இழந்த நிலையில், பிறரை எழுதச் சொல்லிச் சொல்லியே கட்டுரைகளைக் குவித்துக்கொண்டிருந்தார். 1774-ல் வெளியான ஒரு கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்டது, தரையில் நிற்கும் ஒரு பொருள் தரையை எங்கெங்கே எவ்வளவு அழுத்துகிறது என்ற கேள்வி. சுருக்கமாகச் சொன்னால், என் மேஜையின் விவகாரம்!

முக்காலி என்றால் பிரச்சினை இல்லை. மூன்று கால்களுக்கும் பாரம் இவ்வளவிவ்வளவு என்று எடையையும் இடத்தையும் வைத்துச் சொல்லிவிடலாம். தரை மேடு பள்ளமாக இருந்தாலும் முக்காலி ஆடாது. நாற்காலி வந்ததும் கணக்கு கைவிட்டுவிடுகிறது. மேஜையும் வளையாது, தரையும் அமுங்காது என்று வைத்துக்கொண்டால், நாலு கால்களுக்கும் பாரத்தை எத்தனையோ விதமாகப் பங்கு போடலாம். எல்லாம் சரியாகத்தான் இருக்கும். எது உண்மை என்று தெரியாது. ஆய்லர் இங்கே ஒரு காரியம் செய்தார். மேஜையை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார். தரை கல்லாக இல்லாமல் துளி மெத்தென்று இருப்பதாகவும், அழுத்தத்துக்குத் தகுந்தபடி கால் துளி உள்ளே அமுங்குவதாகவும் வைத்துக்கொண்டார். உடனே விடை கிடைத்துவிட்டது. எது எவ்வளவு தாங்குகிறது என்பதை அறிய, எது எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்று கேட்கவேண்டும். உலகத்தில் எதுவும் துளியாவது விட்டுக்கொடுக்காமல் தாங்குவதில்லை.

இந்த வழியைப் பொறியாளர்கள் கையாளும்படி செம்மையாக்கியவர் பிரெஞ்சுக்காரரான நேவியர். உத்திரமே கொஞ்சம் வளைகிறது என்பதை வைத்து, மூன்று முட்டுகளுக்கும் பாரத்தைப் பங்கு போடும் முறையை அவர் தம் மாணவர்களுக்குக் கற்பித்தார். அந்தப் பாடங்கள் 1826-ல் புத்தகமாக வந்தன. 3, 10, 3 என்று மேலே சொன்னேனே, அது இந்த முறையில் வருகிற விடைதான். அதே 1826-ல் விதி அவரோடு விளையாடிற்று. பாரிஸ் நகரத்தில் ஸேன் நதிக்குக் குறுக்கே அவர் ஒரு தொங்கு பாலம் கட்டிக்கொண்டிருந்தார். வேலை முடிகிற தறுவாயில், சங்கிலிகளைப் பிடித்து நிறுத்தும் கரைக் கட்டடத்தில் விரிசல் கண்டது. பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாயும் உடைந்து மண் நனைந்து, அந்தக் கட்டடம் நகர்ந்துகொடுத்தது. பாலத்தைத் திறக்காமலே பிரித்துவிட்டார்கள். எதிர்விசைகளை உலகத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த மனிதரை, கடைசியில் கரையோரத்து மண் ஏமாற்றிவிட்டது.

அப்படியானால் முட்டு அதிகம் கொடுப்பதே தப்பா என்று நேயர்கள் கேட்கலாம். தப்பில்லை. ஒன்று போனால் மற்றது தாங்கட்டும் என்று வேண்டுமென்றே அதிகப்படி ஆதாரங்களோடு கட்டப்பட்ட கட்டடங்கள் எத்தனையோ உண்டு; அந்த அதிகப்படியால் பிழைத்த உயிர்களும் உண்டு. ஆனால் அந்த வசதிக்கு ஒரு விலை இருக்கிறது. ஆதாரங்கள் அதிகமாக அதிகமாக, ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்பது மறைந்துபோகிறது. எல்லாம் நிற்கிறது; எது தாங்குகிறது என்று தெரிவதில்லை.

இதனால்தான் சில இடங்களில் பொறியாளர்கள் ஆதாரம் செய்கிற வேலையைத் தாங்களே குறைத்து வைக்கிறார்கள். இரும்பு ரயில் பாலங்கள் பலவற்றில், உத்திரத்தின் ஒரு முனையைத் தூணோடு முளை போட்டு நிறுத்தியிருப்பார்கள். மற்ற முனையோ உருளைகளின் மேல் உட்கார்ந்திருக்கும். முளை போட்ட பக்கம் மேலும் தாங்கும், பக்கவாட்டிலும் பிடித்துக்கொள்ளும். உருளைப் பக்கம் மேலே மட்டும் தாங்கும். உத்திரம் நீள விரும்பினால், 'போய் வா' என்று விட்டுவிடும். வெயிலில் இரும்பு நீளும், குளிரில் சுருங்கும். இரண்டு பக்கமும் இறுகப் பிடித்துக்கொண்டால் தூணோ உத்திரமோ சேதமடைய வேண்டியதுதான். தாங்குவது என்றால் எல்லாப் பக்கத்திலும் பிடித்துக்கொள்வது என்று அர்த்தமில்லை. எந்தப் பக்கம் தாங்கவேண்டும், எந்தப் பக்கம் விடவேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் அந்த உருளையின் சாமர்த்தியம்.

கலிலியோவின் கடைசி வருஷங்களில் அவருக்கும் சிலர் தோள் கொடுத்தார்கள். 1639-ல் விவியானி என்ற பதினேழு வயதுப் பையன் வந்து கூடவே தங்கினான். 1641-ல் டாரிசெல்லி வந்து சேர்ந்தார். பின்னாளில் பாரமானியைக் கண்டுபிடித்தவர் அவர்தான். கண் தெரியாத கிழவர் சொல்லச் சொல்ல, அவர்கள் எழுதினார்கள். 1642-ஆம் வருஷம் ஜனவரி 8-ஆம் தேதி கலிலியோ காலமானார்.

அந்தப் புத்தகத்திலுள்ள பெரிய பெரிய தத்துவங்களைவிட, பெயரில்லாமல் வந்து போகும் அந்த வேலைக்காரர்தான் என் மனசில் நிற்கிறார். தூண் முறிந்த அன்று அவர் அங்கே வந்து பார்த்திருப்பாரா? பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்? 'நல்ல யோசனை' என்று முதலில் தலையாட்டியவர்கள் எல்லாரும் அன்றைக்கு என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை ஊகிக்க நாவலாசிரியன் வேண்டியதில்லை. அவர் செய்த தப்பு மூன்றாவது கட்டையை வைத்தது அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று போய்விட்டார். மாதம் ஒரு தடவை வந்து, குனிந்து, அந்தப் பழைய கட்டைகள் இரண்டும் எப்படி இருக்கின்றன என்று பார்த்திருந்தால் போதும். கொடுத்த முட்டைப் பற்றி அவருக்கு ஞாபகம் இருந்தது. ஏற்கெனவே தாங்கிக்கொண்டிருந்தவற்றை மறந்துவிட்டார்.

பாட்டியின் கால் புண் ஆற வெகு நாள் ஆயிற்று. அது ஆறிக்கொண்டிருந்தபோதே ஒருநாள் என்னைக் கொல்லைக்குக் கூப்பிட்டாள். அடி விழப்போகிறது என்று நினைத்துக்கொண்டு போனேன். அடுப்பு கலைந்து கிடந்தது. "கல்லை வைடா" என்றாள். மூன்று கற்களையும் வைத்தேன். "ஒவ்வொண்ணையும் கையாலே அமுக்கிப் பாரு. எது நகருதுன்னு பாரு." பார்த்தேன். ஒரு கல் நகர்ந்தது. அதற்கு அடியில் மண்ணைத் தட்டிக் கெட்டிப்படுத்தினேன். "இப்ப தவலையை ஏத்து. ஏத்திட்டு மறுபடியும் அமுக்கிப் பாரு." அதற்குப் பிறகு, நான் அந்த வீட்டில் இருந்தவரையில், தினமும் காலையில் அடுப்புக் கல்லை அமுக்கிப் பார்ப்பது என் வேலையாக இருந்தது. நாலாவது கல்லைப் பற்றி அவள் ஒரு நாளும் பேசவில்லை.

இதை எழுதி முடித்துவிட்டு மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். நாவலின் அட்டை நசுங்கிப் பாதியாகியிருந்தது. எதிர்மூலைக் கால் தரையைவிட்டு மறுபடியும் மெல்ல எழும்பத் தொடங்கியிருந்தது.